துளிர் வருவதற்குள் கோயம்புத்தூர்

எங்கள் குடும்பம் கோயம்புத்தூர் போகிற காரியம் முழுவதும் என் தலைமையில்தான் நடக்கிறது என்று அந்த மாசி மாதத்தில் நான் உறுதியாக நம்பியிருந்தேன். எழுபதுகளின் நடுப்பகுதி. எனக்கு ஒன்பது வயது, எஸ்டேட் பள்ளிக்கூடத்தில் நாலாம் வகுப்பு. வீட்டில் தடையில்லாமல் எழுதப் படிக்கத் தெரிந்தவள் நான் ஒருத்திதான். அப்பாவுக்குக் கையெழுத்து மட்டும் வரும். அம்மாவுக்கு அதுவும் கிடையாது, கட்டைவிரல். அக்கா நாலாம் வகுப்போடு நின்றவள், நின்றதற்குக் காரணமே நான்தான். நான் பிறந்த பிறகு அம்மா கொழுந்தெடுக்கப் போனபோது தொட்டிலை ஆட்ட ஓர் ஆள் வேண்டியிருந்தது. ஆகவே கடிதம் வந்தால் படிப்பதும் பதில் எழுதுவதும் என் உத்தியோகமாகிவிட்டது. உத்தியோகத்தோடு அதிகாரமும் சேர்ந்தே வரும் என்று நானாகவே முடிவு செய்துகொண்டேன்.

மூணாறிலிருந்து மாட்டுப்பட்டிக்குப் போகிற ரோட்டுக்கு மேலே, தேயிலைக்கு நடுவில் எங்கள் லயம் இருந்தது. ஒரே தகரக் கூரைக்கடியில் ஆறு வீடுகள், எங்களுடையது கடைசி. தை பிறந்தால் காலையில் புல்லெல்லாம் வெள்ளையாகிக் கிடக்கும். வாளித் தண்ணீரின் மேல் கண்ணாடி மாதிரி ஏடு படர்ந்திருக்கும், அதை உடைத்துத்தான் முகம் கழுவவேண்டும். மேட்டுக் காட்டுத் தேயிலை தீயில் வாட்டியதுபோலக் கருகி நிற்கும். கருகிய செடியில் கொழுந்து ஏது? அதனால் அந்த இரண்டு மாதமும் ஆண்களுக்குக் கிளை கழிக்கிற கவாத்து வெட்டு, பெண்களுக்குக் களை வெட்டு. வெளியூர் போக நினைக்கிற குடும்பங்கள் போய் வருவதும் அப்போதுதான். பனி விட்டு, முதல் துளிர் வெடித்துவிட்டால் அப்புறம் ஆனி மழை வரைக்கும் ஒருத்தருக்கும் லீவு கிடையாது.

கோயம்புத்தூரில் இருந்தவர் மாமா, அம்மாவின் ஒரே தம்பி. ஒரு மில்லில் வேலை. வருஷத்துக்கு ஒருமுறை வருவார், வரும்போது தகர டப்பாவில் பிஸ்கட் கொண்டுவருவார். அவருக்கு முப்பது தாண்டியிருந்தது, இன்னும் கல்யாணமாகவில்லை. பிஸ்கட் தவிர அவரிடம் எனக்கு வேறு எதிர்பார்ப்பு இல்லாததால் அது என் கவனத்துக்கு வரவில்லை. தை முடிகிற சமயம் அவருடைய கடிதம் வந்தது. "அனைவரும் மாசிக்குள் அவசியம் வரவும். பங்குனியில் எனக்கு லீவு கிடைக்காது. இங்கே எல்லோரும் ஆவலாக எதிர்பார்த்திருக்கிறார்கள்" என்று எழுதியிருந்தார். கோயம்புத்தூரில் எல்லோரும் என்னை எதிர்பார்த்திருக்கிறார்கள் என்பது எனக்கு ஆச்சரியமாகவே இல்லை. நாலாம் வகுப்பில் நான்தான் முதல்.

அம்மாவின் முகம் அன்று விளக்கேற்றியதுபோல ஆகிவிட்டது. "ஏட்டி, நோட்டை எடு. என்னென்ன வேணும்னு சொல்லுதேன், எழுது" என்றாள்.

எழுதினேன். எவர்சில்வர் தாம்பாளம் இரண்டு. கல்கண்டு. மஞ்சள் கிழங்கு. வெற்றிலை பாக்கு, அது உடுமலையில் இறங்கி வாங்கவேண்டும். மறையூர் சர்க்கரை உருண்டை, அதை வழியில் பஸ் நிற்கும்போது அப்பா இறங்கி வாங்கவேண்டும். மாமாவுக்கு ஒரு வேட்டி. அக்காவுக்கு ஒரு பட்டுச் சேலை, ரவிக்கைத் துணி. இவ்வளவையும் என் கையால் எழுதிவிட்டு, தாம்பாளம் எதற்கு என்று மட்டும் யோசித்தேன். பஸ்ஸில் இட்லி சாப்பிட வசதியாக இருக்கும் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். அக்காவுக்கு மட்டும் புதுச் சேலை என்பதுதான் பொறுக்கவில்லை. பட்டணம் போவது நாலு பேர், புதுத்துணி ஒருத்திக்கா? கேட்டேன். "உனக்கும் ஒரு காலம் வரும்" என்று அம்மா சிரித்தாள். பக்கத்து வீட்டுக்காரிகளும் சிரித்தார்கள். நான் கோபித்துக்கொண்டு அந்த வரியை மட்டும் மிகச் சிறிய எழுத்தில் எழுதினேன்.

அம்மாவின் பட்டியலுக்குப் பின்பக்கத்தில் என் பட்டியல். பட்டணத்தில் யார் யாருக்கு என்ன பார்க்கவேண்டும் என்று முறையாக விசாரித்து எழுதினேன். அப்பாவுக்கு நல்ல சாணைக்கல் ஒன்று வேண்டும், கவாத்துக் கத்தி தீட்ட. அம்மாவுக்குத் தம்பி குடியிருக்கிற வீட்டைப் பார்க்கவேண்டும். எனக்கு ரயில், சிங்கம், ஐஸ், அப்புறம் ஒரு மாடிவீட்டில் ஏறி மேலேயிருந்து கீழே எட்டிப் பார்க்கவேண்டும். ஐயாயிரம் அடி உயரத்தில் குடியிருந்துகொண்டு மாடியிலிருந்து எட்டிப் பார்க்க ஆசைப்பட்டவள் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

கடைசியாக அக்காவிடம் போனேன். அவள் களை வெட்டிவிட்டு வந்து, அடுப்படியில் உட்கார்ந்து கால் பித்தவெடிப்பில் மெழுகு உருக்கி வைத்துக்கொண்டிருந்தாள். பத்தொன்பது வயது. எஸ்டேட்டில் கொழுந்தெடுப்பில் அவள் கையை அடிக்க ஆளில்லை. போன மாதம்தான் அவள் பெயரை நிரந்தரத் தொழிலாளியாகச் செக்ரோலில் ஏற்றியிருந்தார்கள். செக்ரோல் என்பது ஆட்களின் பெயர்ப் புத்தகம். அதில் பெயர் ஏறுவதற்காக ஐந்து வருஷம் தற்காலிகமாக உழைத்தவள் அவள். ஏறிய அன்று ஆபீஸ் ஜன்னல் வழியாக என்னைத் தூக்கிக் காட்டி, "எம் பேரு எங்கட்டி இருக்கு, வாசி" என்று இரண்டு தடவை வாசிக்கச் சொன்னாள்.

"அக்கா, கோயம்புத்தூர்ல உனக்கு என்ன பாக்கணும்?"

"எனக்கு ஒண்ணும் வேண்டாம். இங்கனயே இருந்தாப் போதும்."

'அக்கா: ஒன்றுமில்லை' என்று எழுதிக்கொண்டேன். எனக்கு உள்ளூர மகிழ்ச்சிதான். அவள் பங்கு நேரத்தையும் சிங்கத்துக்கு ஒதுக்கிவிடலாம்.

லீவு கொடுக்கவேண்டியவர் கண்டக்டர். எஸ்டேட்டில் கண்டக்டர் என்றால் டிக்கெட் கிழிக்கிறவர் இல்லை, காட்டு வேலை முழுவதையும் பார்க்கிற அதிகாரி. மலையாளி, முழங்கால் வரை காலுறை போட்டவர், நல்லவர். அப்பா தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டபோது நானும் பக்கத்தில் நின்றேன். "மாசிக் கடைசி புதன்கிழமை போயிக்கோ. அஞ்சு நாள்" என்றார். பிறகு விரலை ஆட்டினார். "பட்சே, அஞ்சாம் நம்பர்ல கொழுந்து வந்தா லீவு இல்லா. கேட்டோ?"

அஞ்சாம் நம்பர் காடு எங்கள் லயத்துக்குக் கீழே, ஓடைக்கரைச் சரிவில் இருந்தது. காலை வெயில் நேராக விழுகிற இடம், பனி அவ்வளவாகப் பிடிக்காது. எந்த வருஷமும் முதல் துளிர் அங்கேதான் வரும். கண்டக்டர் தினமும் அந்தச் சரிவின் குறுக்குப் பாதையில்தான் நடந்து போவார். நானும் அந்த வழியாகத்தான் பள்ளிக்கூடம் போவேன். லீவு கிடைத்த மூன்றாம் நாள், பாதையோரத்துச் செடி ஒன்றில் வெளிர்பச்சையாக ஒரு முனை நீட்டிக்கொண்டிருப்பதைப் பார்த்தேன். என் ரயில், என் சிங்கம், என் மாடிப்படி எல்லாம் அந்த ஒரு நுனியில் தொங்கிக்கொண்டிருந்தன.

சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு அதைக் கிள்ளினேன்.

மறுநாள் நாலு இருந்தன. அதற்கு மறுநாள் பத்துப் பன்னிரண்டு. காலையில் வெளிச்சம் வந்ததும் எல்லோருக்கும் முன்னால் குடத்தைத் தூக்கிக்கொண்டு தண்ணீருக்குப் போகிற பெண்ணாக நான் திடீரென்று மாறினேன். பொறுப்பு வந்துவிட்டது என்று அம்மா மெச்சினாள். விரல் மரத்துப்போகிற குளிரில், கண்டக்டரின் கண் படுகிற உயரத்தில் உள்ள துளிர்களையெல்லாம் ஒன்றுவிடாமல் கிள்ளினேன். கிள்ளியதைக் கீழே போட முடியாது, தடயம். ஓடையில் விட்டால் கீழே வாட்சர் பார்த்துவிடுவான். எஸ்டேட் கொழுந்தைத் திருட்டுத்தனமாகக் கிள்ளினால் அப்பாவுக்கு வேலை போய்விடும் என்பது எங்கள் லயத்தில் குழந்தைகளுக்கும் தெரியும். ஆகவே பாவாடையில் முடிந்து கொண்டுவந்து, மாமா கொடுத்த பிஸ்கட் டப்பாவில் போட்டு, விறகுக்குவியலுக்கு அடியில் செருகினேன்.

எனக்கு இரண்டு பயங்கள் இருந்தன. ஒன்று கறை. தேயிலைச் சாறு விரலில் பட்டால் காய்ந்து கறுப்பாகிவிடும், லேசில் போகாது. தினமும் சாம்பல் போட்டுத் தேய்த்தேன். இன்னொன்று அப்பா. கவாத்து வெட்டுகிறவருக்குச் செடியின் மொழியெல்லாம் தெரியும். காம்பில் கிள்ளின இடத்தைப் பார்த்து இது யார் கை என்று சொல்லிவிடுவார். லயத்துப் பெண்கள் விளையாட்டாகக் கொழுந்துகளைக் கலந்து நீட்டுவார்கள். அவரும், "இது நகத்தால பிச்சது, இது மடிச்சு ஒடிச்சது, இது எம் மக கிள்ளினது" என்று பிரித்து வைப்பார், ஒருமுறையும் தப்பியதில்லை. போதாததற்கு ஒரு நாள் சாப்பிடும்போது அவர் சும்மா பேச்சோடு பேச்சாக, "தேயிலைய மட்டும் கிள்ளக் கிள்ளத்தான் வெடிக்கும். ஒண்ணைக் கிள்ளுனா ரெண்டு வரும்" என்றார். நாளைக்கு ஒன்றுக்கு இரண்டாக வந்தால் இரண்டையும் கிள்ளிக்கொள்ளலாம், புதன்கிழமை வரைதானே என்று தைரியம் சொல்லிக்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை. பெட்டி கட்டியாகிவிட்டது. தாம்பாளங்கள் புளி போட்டுத் தேய்த்துப் பளபளவென்று அடுக்கியிருந்தன. அக்காவுக்கு அம்மா தலைக்கு எண்ணெய் வைத்துவிட்டு, அவள் முகத்தை இரண்டு கையாலும் பிடித்துப் பார்த்து, "எந்தம்பி கண்ணுல வச்சுக் காப்பாத்துவான்" என்றாள். அக்கா எழுந்து விறகெடுக்கப் போனாள். அவளுக்கு எண்ணெய் கண்ணில் பட்டுவிட்டது என்று நினைத்தேன், கண் சிவந்திருந்தது. பட்டணத்துக்குப் போகிற சமயத்தில் மூஞ்சியைத் தூக்கிவைத்துக்கொள்கிறாளே என்று எரிச்சலாக வந்தது.

சாயங்காலம் டப்பாவை எடுத்துப் பார்த்தேன். காலி. வாடின கொழுந்து ஒன்றுகூட இல்லை. மூடி ஒழுங்காக மூடியிருந்தது. பக்கத்து வீட்டு ஆடு தின்றிருக்கும் என்று முடிவு கட்டினேன். தின்றுவிட்டு மூடியையும் மூடிவிட்டுப் போகிற ஆடு எங்கே இருக்கிறது என்று கேட்டுக்கொள்ளவில்லை. தடயம் ஒழிந்தது, அது போதும்.

திங்கட்கிழமை காலை நான் துளிர் கிள்ளப் போகவில்லை. இன்னும் இரண்டே நாள், வெற்றி என் பக்கம், கொஞ்சம் தூங்கலாம் என்று தூங்கிவிட்டேன். பள்ளிக்கூடம் போகும் வழியில் பெரட்டுக்களத்தில் நின்றேன். காலையில் ஆட்களை வரிசையாக நிறுத்தி வேலை பிரித்துக் கொடுக்கிற இடம் அது. ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம். அக்கா கம்பளியைத் தலையோடு போர்த்தி, கைகளை உள்ளே மடக்கி நின்றிருந்தாள். எங்கள் கங்காணி, நாங்கள் பெரியப்பா என்று கூப்பிடுகிறவர், கண்டக்டர் முன்னால் போய்த் துண்டை விரித்தார். துண்டு நிறையக் கொழுந்து. இரண்டு இலையும் ஒரு மொட்டுமாக, பனி ஈரம் காயாத கொழுந்து.

"அஞ்சாம் நம்பர் வெடிச்சிருச்சு சார். ஓடைப் பக்கம் பூராவும்."

கண்டக்டரின் முகம் மலர்ந்தது. ஒன்றை எடுத்து முகர்ந்தார். "லீவு எல்லாம் கேன்சல். நாளை முதல் எல்லாரும் அஞ்சில கேறணும்" என்றார். ஆண்கள் வரிசையில் முணுமுணுப்பு எழுந்தது. அப்பா மட்டும் முன்னால் வந்து துண்டிலிருந்து ஒரு கொழுந்தை எடுத்தார். காம்பைத் திருப்பிப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். "இந்தப் பனிக்கு இவ்வளவு சீக்கிரமாவா" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். பிறகு பெண்கள் வரிசையை ஒருமுறை நிமிர்ந்து பார்த்துவிட்டு, அந்தக் கொழுந்தைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு தன் இடத்துக்குப் போனார். நான் கிள்ளினதைக் கண்டுபிடித்துவிட்டார் என்று கைகளைப் பின்னால் மறைத்துக்கொண்டேன். அவர் என்னைப் பார்க்கவே இல்லை.

அன்று அம்மா சமைக்கவில்லை. "நாசமாப் போற கொழுந்து" என்று ஆரம்பித்து, சோறு போடுகிற செடியாயிற்றே என்று கன்னத்தில் போட்டுக்கொண்டு, பிறகு மறுபடியும் அழுதாள். தாம்பாளங்களைப் பெட்டியிலிருந்து எடுத்துப் பரணில் போட்டாள். "விடு. துளுக்குற செடிய யாரு நிறுத்த முடியும்" என்றார் அப்பா. அவர் அப்படி அமைதியாகச் சொன்னது எனக்கே பிடிக்கவில்லை. வேலை பார்க்கிற அவருக்கு இல்லாத கோபம் படிக்கிற எனக்கு இருந்தது.

மாமாவுக்குக் கடிதம் நான்தான் எழுதினேன். "கொழுந்து வந்துவிட்டபடியால் வர இயலவில்லை." மில்காரருக்கு அது என்ன விளங்கும்? இரண்டு வாரம் கழித்து இரண்டு வரியில் பதில் வந்தது. வைகாசியில் மஞ்சள் தடவிய ஒரு பத்திரிகை வந்தது. அதையும் நான்தான் சத்தம் போட்டு வாசித்தேன். மாமாவுக்குக் கல்யாணம், கூட வேலை செய்கிறவரின் தங்கையோடு. அம்மா முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். கல்யாணச் சாப்பாட்டுக்கு ஏன் இவ்வளவு துக்கம் என்று நினைத்தேன். கொழுந்துக் காலம், அதற்கும் லீவு கிடைக்கவில்லை. எனக்குச் சிங்கம் இரண்டாவது தடவையும் தப்பியது.

அக்கா எஸ்டேட்டிலேயே இருந்தாள். நாலு வருஷம் கழித்து, தேயிலை பாக்டரியில் வேலை பார்த்த ஒருவரை, அவளே சரி என்று சொன்ன பிறகு கட்டிக்கொண்டாள். பிற்காலத்தில் இருபது பெண்களை வைத்து வேலை வாங்குகிறவளாக ஆனாள். நான்தான் கடைசியில் கோயம்புத்தூர்க்காரி ஆனேன், மூன்றாவது மாடியில் வீடு. முதல்முறை அங்கே வந்தபோது அக்கா பால்கனியிலிருந்து கீழே எட்டிப் பார்த்துவிட்டு, "இதுக்காட்டி அத்தன கொழுந்தக் கிள்ளுன?" என்று கேட்டுச் சிரித்தாள்.

அப்போதுதான் சொன்னாள். அந்த ஞாயிற்றுக்கிழமை விறகெடுக்கப் போனபோது டப்பாவைப் பார்த்தாளாம். அப்பா கண்ணில் படுமுன் உள்ளே இருந்ததை அடுப்பில் கொட்டிவிட்டு, டப்பாவை மூடி வைத்தாளாம். அத்தனை துளிர் வாடிக் கிடந்தால் ஓடைச் சரிவில் செடி வெடித்துவிட்டது என்று அவளுக்குத் தெரியாதா. மறுநாள் விடிகிறபோதே போய், என் கை எட்டாத மேல்வரிசையில் மடிநிறையக் கிள்ளி, கங்காணிப் பெரியப்பாவின் துண்டில் போட்டுவிட்டு வரிசையில் வந்து நின்றுகொண்டாளாம். பெரியப்பா தானே கண்டுபிடித்ததாகச் சொல்லிப் பெயர் வாங்கிக்கொண்டார். "மாமா தங்கமானவருதான். ஆனா சின்னதுல என்னையத் தோள்ல தூக்கிட்டுத் திரிஞ்சவருட்டி. அவரப் போயி எப்படி? எங்கிட்ட யாரும் கேக்கவும் இல்ல. கேட்டது நீ ஒருத்திதான்" என்றாள். நான் கேட்டது சிங்கம் பார்க்கிற கணக்கில். அதைக்கூட அவள் ஞாபகம் வைத்திருந்தாள்.

ஆனால் அந்தத் திங்கட்கிழமை சாயங்காலம் எனக்கு இதெல்லாம் தெரியாது. தெரிந்ததெல்லாம், தேயிலை கிள்ளக் கிள்ள வெடிக்கும், நான் கிள்ளினேன், ஆகவே எங்கள் பயணத்தைக் கெடுத்தவள் நான்தான் என்பது மட்டும். அதைத் தாங்க முடியாமல், குழாயடியில் கைகழுவிக்கொண்டிருந்த அக்காவிடம் போய் எல்லாவற்றையும் கொட்டி அழுதேன். என்னால்தான் உன் பட்டுச் சேலை வீணாய்ப் போயிற்று என்றேன். அக்கா திரும்பி என்னை வைத்த கண் வாங்காமல் பார்த்தாள். பிறகு சிரித்தாள், சிரித்துக்கொண்டே அழுதாள். ஈரக்கையோடு என்னைச் சேர்த்துக் கட்டிக்கொண்டு, "நீ கிள்ளுனது நல்லதுக்குத்தான்ட்டி, நல்லதுக்குத்தான்" என்று திரும்பத் திரும்பச் சொன்னாள். சமாதானத்துக்குச் சொல்கிறாள் என்று நினைத்தேன்.

குழாய்க் கல்லின்மேல் அவள் தேய்த்துக்கொண்டிருந்த சாம்பல் குவிந்திருந்தது. என் கன்னத்தைத் துடைத்த அவள் விரல்நுனிகள் கறுத்திருந்தன. எஸ்டேட்டில் ஒருத்தரும் கொழுந்தெடுக்காத மாதத்தில் அக்காவின் விரலில் அந்தக் கறை எப்படி வந்தது என்று நான் கேட்கவில்லை. கறுத்துக் கிடந்த என் விரல்களை அப்பா பார்த்துவிடக் கூடாதே என்று பாவாடைக்குள் மறைப்பதிலேயே என் கவனமெல்லாம் இருந்தது.